படகுக்குக் கணக்கு இருக்கு... கூடைக்கு?

(‘நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உழைப்பாளி வீட்டு அடுப்பு எரிந்தது ஆணின் கூலியாலா? பெண்ணின் கூடையாலா?’ என்ற தலைப்பில் ‘பெண்ணின் கூடையாலே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, முகத்தில் கலக்கம் தெரியாமல் சமாளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி அண்ணன்மார்களே, வீட்டு வேலையை முடிச்சும் முடிக்காமலும் ஓடி வந்திருக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மசூலாப் படகைப் பற்றிப் பேசினார். அடேயப்பா, அரங்கமே ஆடிப்போச்சு! நான் கூட கைதட்டினேன். (சிரிப்பு) அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. அன்றைக்கு நம் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துரையாக இருந்தாலும் சரி, துணி மூட்டையாக இருந்தாலும் சரி, அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலாப் படகுதான் கதி. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு. ஓர் ஆணி கிடையாது. ஆணி அடிச்ச படகு அலையில் உடையும், தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். அந்தப் படகைச் செலுத்தியவர்கள் நம் ராயபுரத்துக்காரர்கள். ராயப்பர் என்றால் புனித பேதுரு. அந்த ராயப்பருக்குப் படகுக்காரர்களே சேர்ந்து கட்டிய கோயில் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. அந்த வீரத்துக்கு என் வணக்கம்.

ஆனா நடுவர் அவர்களே, அண்ணன் ஒரு விஷயத்தை வசதியா விட்டுட்டார். அந்தப் படகு வருஷத்துக்கு எத்தனை மாசம் ஓடிச்சு? அதைச் சொன்னாரா? சொல்லலை!

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வங்கக்கடல் என்ன செய்யும் என்று எண்ணூர்க்காரரைக் கேளுங்க, திருவொற்றியூர்க்காரரைக் கேளுங்க. அந்தக் காலத்தில் அந்த மாதங்களில் கப்பல்களே இந்தப் பக்கம் வர அஞ்சும். துறைமுகம் கட்டுகிறோம் என்று 1876-ல் வேலையை ஆரம்பித்தார்கள். வேலை முடிகிற நேரத்தில், 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து, கடலுக்குள் கட்டின சுவரைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுச்சு. வெள்ளைக்காரன் கட்டின கல்சுவருக்கே அந்தக் கதி. கயித்தால தைச்ச படகு அன்னைக்குக் கடலுக்குப் போகுமா? போகாது. படகு போகலைன்னா கூலி? கிடையாது. கூலி இல்லைன்னா பசி லீவு போட்டுக்குமா? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் உடனே எழுந்து, “அம்மா, ஆலைக் கூலி இருந்ததே, ரயில்வே வேலை இருந்ததே” என்பார். இருந்தது. 1856-லேயே ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தாச்சு. பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை 1876-ல், கர்நாடிக் ஆலை 1881-ல். ரொம்ப சரி. ஆனா சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவை. பசி ஒரு நாளைக்கு மூணு தடவை. இன்னொண்ணு சொல்றேன். 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் என்ன சொல்லிச்சு தெரியுமா? ஏழு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது, ஏழிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இது பாதுகாப்புச் சட்டமாம்! அப்படின்னா அதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்திருக்கும்? ‘ஆணின் கூலி, ஆணின் கூலி’ என்கிறீர்களே, அதற்குள் ஏழு வயசுப் பையனின் கூலியும் இருக்கிறது அண்ணே.

இப்போ எங்க அணிக் கூடைக்கு வர்றேன்.

கட்டுமரம் கரைக்கு வந்ததும் ஆம்பளை வேலை முடிஞ்சுது. வலையை உதறிக் காயப் போடணும், அவ்வளவுதான். மீன் யார் கைக்குப் போகும்? பொண்டாட்டி கைக்கு. அந்த நிமிஷத்திலிருந்து அது மீன் இல்லை, பணம். தலையில சும்மாடு, சும்மாட்டு மேல கூடை, இடுப்புல குழந்தை. ராயபுரத்திலிருந்து கறுப்பர் பட்டணத்துக்கு நடை. (1906-க்கு அப்புறம்தான் அதுக்கு ஜார்ஜ் டவுன்னு நாகரிகமான பேரு.) வழியெல்லாம் கூவணும், பேரம் பேசணும், மீன் கெடுறதுக்குள்ள வித்தாகணும். விக்காததைக் கொண்டு வந்து உப்புப் போட்டுக் கருவாடாக்கணும். திரும்பி வரும்போது அதே கூடையில கேழ்வரகும், விளக்குக்கு எண்ணெயும், வெத்தலை பாக்கும் இருக்கும். வெத்தலை பாக்கு யாருக்கு? வலையைக் காயப் போட்டுட்டுப் படுத்திருக்கிறாரே, அவருக்கு! (பலத்த சிரிப்பு)

மீன் இல்லாத நாளில் பெரிய வீடுகளுக்கு நெல் குத்தப் போவாள். காலையில தெருவோரம் அடுப்பு வெச்சு ஆப்பம் சுட்டு விப்பாள். இதெல்லாம் ஓரணா, அரையணா வருமானம். எந்தக் கம்பெனிக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. இடுப்புச் சுருக்குப் பையில ஏறும், சாயங்காலம் அரிசிக் கடையில இறங்கும். படகுக் கூலிக்குக் கப்பலைக் கணக்குப் பார்த்து எழுதி வைக்கப் பெரிய ஆபீசே இருந்தது. சுருக்குப் பைக்கு எந்த ஆபீஸ் இருந்தது?

இதெல்லாம் நம்ம ஊர்ப் பழக்கம், மத்த தேசத்தில் ஆம்பளை சம்பாதிச்சான், பொம்பளை வீட்ல இருந்தாள் என்று எதிரணியில் ஒரு தம்பி சொன்னார். விக்டோரியா மகாராணி காலத்துச் சீமையைப் பார்னு சொன்னார். தம்பி, நீங்க பார்த்தது மகாராணி வீடு. நான் கூலிக்காரன் வீட்டைக் காட்டறேன், வாங்க.

நம்ம ராயபுரத்துல ரெய்னி ஆஸ்பத்திரி தெரியாதவங்க யாராவது உண்டா? (‘அங்கேதான் பொறந்தேன்’ என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு) பாத்தீங்களா! அந்தப் பெயருக்குரிய கிறிஸ்டினா ரெய்னி ஸ்காட்லாந்துப் பெண்மணி. அந்த மருத்துவமனைக்கு வேர் ஊன்றிய டாக்டர் மட்டில்டா மெக்ஃபெயிலும் ஸ்காட்லாந்துக்காரர்தான். 1860-ல் ஸ்கை என்கிற தீவில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்து, லண்டனில் டாக்டருக்குப் படித்து, 1880-களின் கடைசியில் முப்பது வயசு ஆவதற்கு முன்பே ராயபுரம் வந்து பெண்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அந்தச் சின்ன மருந்தகம்தான் வளர்ந்து 1914-ல் ரெய்னி ஆஸ்பத்திரி ஆச்சு. அந்தம்மா பிறந்த தீவில் ஏழை வீடு எப்படி இருந்தது? அதைத்தான் நான் தேடித் தேடிப் படிச்சேன்.

கல்லை அடுக்கின சுவர். மேலே புல் கூரை. நடுவீட்டில் தரையிலேயே நெருப்பு. எரிக்க விறகு கிடையாது, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண்தான். புகைபோக்கி கிடையாது. புகை கூரை வழியாக எப்போ மனசு வருதோ அப்போ வெளியே போகும். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் குடும்பம், மறு பக்கம் மாடு. சாப்பாடு? உருளைக்கிழங்கு, ஓட்ஸ் கஞ்சி, உப்பு மீன். நம்ம வீட்ல கேழ்வரகுக் கூழும் கருவாடும். வித்தியாசம் பெரிசா ஒண்ணும் தெரியலையே! பனியும் வெயிலும்தான் வேறே.

அங்கே பெண்கள் என்ன செய்தார்கள்? கரிமண் கூடையை முதுகில் சுமந்து வந்தார்கள். சும்மா வரலை. முதுகில் கூடை, இரண்டு கையிலும் ஊசி. நடந்துகொண்டே காலுறை பின்னினார்கள். நம்ம ஆளு கைய வீசிக்கிட்டு நடக்கிறதே பெரிய வேலைங்கிறாரு. (சிரிப்பு)

அதைவிட வேடிக்கை ஒண்ணு. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் சில மீனவ ஊர்களில், புருஷன் கடலுக்குப் புறப்படும்போது பெண்டாட்டி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவரை முதுகில் உப்புமூட்டை தூக்கி, தண்ணீரில் இறங்கிப் படகில் ஏற்றி விடுவாளாம். எதுக்கு? அந்தக் குளிரில் அவர் கால் நனைஞ்சா நாள் பூரா ஈரத்தோட உக்காந்திருக்கணுமே என்று. இங்கே இருக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன். உங்களில் யாராவது வீட்டுக்காரரை முதுகில் சுமந்திருக்கீங்களா? (‘இன்னும் இறக்கியே வைக்கலை’ என்று ஓர் அம்மா சொல்ல, அரங்கம் அதிர்கிறது) தீர்ப்பு இப்பவே வந்திடுச்சு நடுவர் அவர்களே!

எடின்பரோ பக்கத்தில் நியூஹேவன் என்று ஒரு குப்பம். அந்த ஊர்ப் பெண்கள் முதுகில் மீன் கூடை, கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறி நகரத்துக்கு மீன் விற்கப் போவார்கள். 1840-களில், போட்டோ என்ற கலையே தவழ்கிற காலத்தில், ஹில், ஆடம்சன் என்ற இருவர் அந்தக் கூடைக்காரிகளைப் படம் பிடித்தார்கள். இன்றைக்கும் அருங்காட்சியகத்தில் அந்த முகங்கள் இருக்கின்றன. ஹெர்ரிங் மீன் பருவத்தில் இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஊர் ஊராகப் போய், மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, இரண்டு பேர் குடல் எடுக்க, ஒருத்தி பீப்பாயில் உப்போடு அடுக்குவாள். கத்தியும் உப்பும் விரலைத் தின்றுவிடும் என்று ஒவ்வொரு விரலுக்கும் துணி சுற்றிக்கொள்வார்கள். கருவாட்டுக்கு உப்புப் போடும் நம் பெண்ணுக்கு அந்த எரிச்சலைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு சேதி இருக்கிறது. இதுதான் என்னைத் தூங்க விடலை.

1846-ல் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்திலும் தீவுகளிலும் உருளைக்கிழங்கு பயிர் அழுகிப்போச்சு. அயர்லாந்தில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்ட அதே நோய். நிவாரணம் கொடுத்தாங்க. எப்படி? ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டு மாவு, பொம்பளைக்கு முக்கால் பவுண்டு. பாதி! பிறகு 1848-ல் அதுவும் அதிகம்னு தோணிடுச்சு. எட்டு மணி நேரம் ரோடு போட்டால் ஒரு பவுண்டு மாவு என்றார்கள். அந்தக் கறார் விதிக்குப் பின்னால் நின்றவர் லண்டன் கருவூலத்தில் இருந்த சார்லஸ் டிரெவெல்யன் என்ற அதிகாரி. இந்தப் பெயரைக் கேட்ட மாதிரி இருக்கா? அவரேதான் 1859-ல் நம் சென்னைக்கு கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க் என்று இருந்ததே, அது அவர் உண்டாக்கியது. ஊருக்குப் பூங்கா கொடுத்த கைதான், அங்கே பட்டினிக்காரனுக்கு மாவை அளந்த கை.

அவர் போய்ப் பதினாறு வருஷம். 1876-ல் நமக்கே பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, அது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் சாவு என்று கணக்கு. வெளியூரிலிருந்து கப்பலில் அரிசி வந்து சென்னைக் கடற்கரையில் மலை மலையாகக் குவிந்தது. அதற்குக் காவல். அதை இறக்கியது நம் படகுக்காரர். எதிரணி அண்ணே, அன்னைக்கு அவர் கூலி வாங்கியிருப்பார்தான். ஆனா அந்தக் கூலிக்கு வாங்க முடிகிற விலையிலா அரிசி இருந்தது?

1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். மூன்று வருஷம் முன்பு பீகாரில் பஞ்சம் வந்தபோது தாராளமாகச் செலவு பண்ணி, சாவு இல்லாமல் காப்பாற்றி, அதற்காகவே திட்டு வாங்கினவர். அதனால சென்னையில் கையை இறுக்கினார். நாள் பூரா நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசு, மேலே ஒரு அணா. பெண்ணுக்கு அதிலும் குறைச்சல். நடுவர் அவர்களே, அதே ஒரு பவுண்டு! அங்கே குளிரில் ரோடு போட்டவனுக்கு ஒரு பவுண்டு, இங்கே வெயிலில் மண் வெட்டினவனுக்கும் ஒரு பவுண்டு. தராசு மட்டும் கடல் தாண்டி வந்திருக்கிறது! சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்ற வெள்ளைக்காரரே, இது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியைக் கூட்ட வேண்டி வந்தது. பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டினதுதான். எட்டு கிலோமீட்டர். மண்ணை வெட்டியது மண்வெட்டி, சரி. வெட்டின மண்ணைக் கரையில் கொண்டுபோய்க் கொட்டினது எது? கூடை! அது யார் தலையில் இருந்தது? (பலத்த கைதட்டல்)

நான் கேட்கிறேன், வயித்துக்குப் பொம்பளைன்னா பாதிதானா? முக்கால் பவுண்டு மாவை வாங்கி, அதில் பிள்ளைக்கு ஊத்தி, புருஷனுக்கு ஊத்தி, மிச்சத்தில் தண்ணி ஊத்திக் குடிச்சவ அவ. ஸ்கையிலும் அதுதான், ராயபுரத்திலும் அதுதான்.

அதற்கப்புறம் கணக்கெடுக்க வந்தார்கள் பாருங்க. 1881-ல் இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில், வீட்டு வேலை பார்க்கிற மனைவியைத் ‘தொழில் இல்லாதவர்’ வரிசையில் போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் அவளுக்குத் தனி இடம் இருந்தது, அதையும் எடுத்தாச்சு. மாவு பிசையறது, துணி துவைக்கிறது, பிள்ளை பெத்து வளர்க்கிறது எல்லாம் சும்மா இருப்பது! இன்னைக்கும் நம்ம ஊர்ல மாப்பிள்ளை வீட்டார் கேட்பாங்க, “அம்மா என்ன பண்றாங்க?” பொண்ணு சொல்லும், “சும்மாதான் வீட்ல இருக்காங்க.” விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து ‘சும்மா’ இருக்கிற ஒரே ஜீவன் உலகத்திலேயே அந்த அம்மாதான். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். அதை மறைக்க விரும்பலை. “மீனைப் பிடிக்கலைன்னா கூடையில் என்னம்மா இருக்கும்?” என்றார்கள். சரியான கேள்வி. மீன் அவர் உயிரைப் பணயம் வெச்சுக் கொண்டு வந்தது. ஒத்துக்கிறேன். ஆனால் தலைப்பு மீன் யார் பிடிச்சாங்கன்னு கேட்கலை, அடுப்பு எதால் எரிஞ்சுதுன்னு கேட்குது. கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீடு ராயபுரத்திலும் உண்டு, ஸ்காட்லாந்திலும் உண்டு. 1881-ல் நம்ம துறைமுகத்தைப் புயல் உடைக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, அக்டோபரில், ஸ்காட்லாந்தின் ஐமத் என்கிற ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஒரே புயலில் 189 மீனவர்கள் செத்துப் போனாங்க. மறுநாள் அந்த வீடுகளில் கூலி கிடையாது அண்ணே. அடுப்பு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், அம்மா இருந்தாள், அவளுடைய கூடை இருந்தது. அந்த அடுப்பை யார் பத்த வெச்சது என்று நீங்களே சொல்லுங்க.

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரே நிமிஷம், முடிச்சிடறேன். பழைய கதைதானே என்று நினைக்காதீங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. கழிமுகத்தில் இறால் பொறுக்க முடியலை, கரையில கால் வைக்க முடியலை. அந்த மீனைத் தொடவே சனங்க பயந்தாங்க. அரசு நிவாரணம் அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய். சேதமான படகுக்கு 10,000 ரூபாய். நல்லது, கொடுத்தது வேணாம்னு யாரும் சொல்லலை. ஆனா நான் அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குடும்பம் என்று ஒரு வரி இருந்தது. படகு என்று ஒரு வரி இருந்தது. வாரக்கணக்கில் தெருவில் கூவ முடியாமல் வீட்டு மூலையில் கவுத்து வைத்திருந்த கூடைக்கு ஒரு வரியைத் தேடினேன்...

(மீண்டும் மணி)

தேடிக்கிட்டே உக்காந்துக்கறேன் நடுவர் அவர்களே. வணக்கம். (நீண்ட கைதட்டல்)